எண்ணைவிட ஸ்லைடு மேல்: ராமநாதபுரம் கரையோரத்தில் குழந்தைகளுக்கான பிளேட்லெட் பரிசோதனைகள், ஒரு மதிப்புரை

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை, இந்தப் பக்கம் பாலம் தாண்டித் தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வரை எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒற்றை ஷட்டர் அகலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கும். 'பிளேட்லெட் பாக்கணும்' என்றால் அரை மணி நேரத்தில் காகிதம் கைக்கு வந்துவிடும். காய்ச்சல் காலத்தில் இது பெரிய வசதிதான். ஆனால் காய்ச்சலே இல்லாமல், ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரே நாளில் காலெல்லாம் சிவப்புப் புள்ளியும் ஊதாத் திட்டும் வந்து, காகிதத்தில் 9,000 என்று இருந்தால், அந்த எண்ணை வைத்து அடுத்த மூன்று மாதத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? கரையோரத்தில் கிடைக்கும் பரிசோதனைகளை இந்த ஒரு கேள்விக்காக மட்டும் எடைபோட்டிருக்கிறோம். கடைப் பெயர்களைத் தரவில்லை. ஒரே கடையில் காலையில் இருப்பவரின் கை வேறு, மாலையில் இருப்பவரின் கை வேறு; பெயர் போட்டுப் பயனில்லை.

முதலில் நோய். இங்கே பேசப்படுவது ஐ.டி.பி. என்ற தட்டணுக் குறைவு நோய்; தட்டணு என்பது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்தான். உடம்பின் எதிர்ப்பு மண்டலம் தன் தட்டணுக்களையே அந்நியம் என்று குறிவைக்கிறது. குறி விழுந்தவற்றை மண்ணீரல் வடிகட்டி அழிக்கிறது. இயல்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை முதல் நாலரை லட்சம் இருக்க வேண்டிய எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே போய், வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் இந்தப் பெயர். 3 மாதம் வரை புதிது, 3 முதல் 12 மாதம் வரை நீடிப்பது, 12 மாதம் தாண்டினால் நாள்பட்டது என்று 2009-இல் உலக அளவில் ஒரு வகைப்பாடு வந்தது. குழந்தைகளில் 100-க்கு 75 முதல் 80 பேருக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. மூளையில் ரத்தக்கசிவு வருவது ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு. அபூர்வம்தான், ஆனால் எல்லோருடைய பயமும் அதைச் சுற்றித்தான்.

ஆக, கேள்வி இரண்டு. இன்றைக்கு ரத்தம் கசியுமா? இந்த நோய் எப்போது போகும்? இரண்டுக்கும் ஒரே எண்ணிலிருந்து பதில் தேடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

தெருமுனை மெஷின்

சிறிய நிலையங்களில் பெரும்பாலும் இருப்பது வெள்ளணுக்களை மூன்று வகையாகப் பிரிக்கும் கவுன்ட்டர். ஒரு நுண்துளை வழியாக அணுக்களை ஒவ்வொன்றாக இழுத்து, மின்தடை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து அளவைக் கணக்கிடும். சிறியது என்றால் தட்டணு, பெரியது என்றால் சிவப்பணு. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஐ.டி.பி.யில் எலும்பு மஜ்ஜை அவசரமாகத் தயாரித்து அனுப்பும் இளம் தட்டணுக்கள் பெருத்திருக்கும். அவற்றில் சிலவற்றை மெஷின் சிவப்பணுக் கணக்கில் சேர்த்துவிடும்; எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக வரும். எதிர்ப்பக்கமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையின் சிறுத்துப்போன சிவப்பணுக்களும் அவற்றின் துண்டுகளும் தட்டணுக் கணக்கில் ஏறிவிட்டால் எண்ணிக்கை கூடுதலாக வரும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பது இங்கே அதிசயமில்லை.

20,000-க்குக் கீழே இந்த மெஷின்களின் துல்லியம் சரிகிறது. காலையில் 8,000, மாலையில் 12,000 என்றால் ஏறிவிட்டது என்று பொருளில்லை. இரண்டும் ஒரே எண்தான். தினம் ஒரு தடவை குத்தி, 'நாலாயிரம் கூடியிருக்கு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது பிள்ளையின் கையில் ஊதாத் திட்டைத்தான் கூட்டும்.

மெஷினைவிடப் பெரிய சிக்கல் குழாயில் இருக்கிறது. ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாய் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உள்ளே இருக்கும்), குழந்தைகளுக்கு அரை மில்லி பிடிக்கும் சிறிய குழாயும் உண்டு. கோடு வரை நிரப்பி, உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். குலுக்கக் கூடாது. நரம்பு கிடைக்காமல் தேடித் தேடி எடுத்தாலோ, விரலைப் பிதுக்கிப் பிதுக்கிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தாலோ அடியில் ஒரு சிறு கட்டி உறைந்துவிடும். தட்டணுக்கள் எல்லாம் அந்தக் கட்டிக்குள் போய்விடும், மெஷின் 15,000 என்று காட்டும், குடும்பமே அழும். நல்ல டெக்னீஷியன் குழாயைச் சாய்த்துப் பார்த்து, ஒரு குச்சியை விட்டுக் கட்டி இருக்கிறதா என்று துழாவிய பிறகுதான் மெஷினில் வைப்பார். இந்த ஒன்றை வைத்தே ஒரு நிலையத்தை மதிப்பிடலாம். எண்ணிக்கை மிகக் குறைவாக வந்தால் கேட்காமலே மறுபடி எடுக்கிறார்களா, காகிதத்தை நீட்டிவிடுகிறார்களா என்பது இரண்டாவது சோதனை.

இன்னொன்று, பெரிய நிறுவனங்களின் மாதிரி சேகரிக்கும் மையங்கள். அறிக்கை பளபளப்பு, மெஷினும் உயர்ந்த ரகம். ஆனால் ரத்தம் அங்கே சோதிக்கப்படுவதில்லை. மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போகிறது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். சிலரின் ரத்தத்தில் தட்டணுக்கள் இ.டி.டி.ஏ. பட்டாலே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். நேரம் ஆக ஆகக் கொத்து கூடும். காலையில் எடுத்த ரத்தம் மதியத்துக்குமேல் மெஷினுக்குப் போனால், நோயே இல்லாத பிள்ளைக்கும் 40,000 என்று வரலாம். இதற்குப் பொய்க் குறைவு என்று பெயர். கொத்து தெரிந்தால் நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பெருக்கலை மறந்த அறிக்கைகளும் வருகின்றன. தட்டணு விஷயத்தில் தூரத்து உயர்ரக மெஷினைவிட இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்கும் பக்கத்து மெஷினே மேல்.

ஸ்லைடு: கரையோரத்தின் சிறந்த சரக்கு

ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடித் துண்டு, அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயம், எண்ணெய் லென்ஸ், பார்க்கத் தெரிந்த கண். செலவில் குறைந்ததும் பலனில் கூடியதும் இதுதான். நன்றாகச் செய்தால், அதாவது.

கடலோரத்தில் ஸ்லைடு கெடுவதற்கு மூன்று காரணங்கள், மூன்றும் தண்ணீர். முதலாவது காற்று ஈரம். இழுத்த ஸ்லைடு சட்டென்று காய வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுக்கள் சுருங்கி, நடுவில் பளிச்சென்று மின்னும் வளையங்களோடு நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஃபேனுக்கு நேரே பிடிக்காமல் மேசையில் வைத்தால் கெட்டது. இரண்டாவது, சாயத்திலுள்ள மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மூடியைத் திறந்தே வைத்திருந்த புட்டியில் தண்ணீர் சேர்ந்து, ஸ்லைடு முழுக்கப் பொத்தல் பொத்தலாகத் தெரியும். மூன்றாவதும் முக்கியமானதும்: சாயத்தோடு கலக்கும் தண்ணீர். எட்டுப் பத்துச் சொட்டு சாயம் விட்டு 2 நிமிடம், அதன்மேல் இரு மடங்கு பஃபர் தண்ணீர் (அமில-கார அளவு மாறாத நீர்) ஊற்றிக் கலந்து 8 முதல் 10 நிமிடம், பிறகு கழுவுதல். அந்தத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 6.8 இருக்க வேண்டும். கரையோரத்து போர்த் தண்ணீர் உப்பும் காரமுமானது. அதை ஊற்றினால் எல்லாமே நீலம் பூசி நிற்கும். தட்டணுவும் தெரியாது, வெள்ளணுவின் உட்கருவும் தெளிவாக இருக்காது. பஃபர் மாத்திரை போட்ட காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தும் நிலையம் என்றால் நம்பலாம். ஸ்லைடைக் கண்ணெதிரே தூக்கிப் பார்த்தாலே தெரியும். இளஞ்சிவப்பாக, நாக்கு வடிவில், நுனி மெலிந்து இருந்தால் நல்ல ஸ்லைடு. நீலமாகவோ திட்டுத் திட்டாகவோ இருந்தால் மறுபடி போடச் சொல்லலாம், கூச்சப்பட வேண்டாம்.

எண்ணும் முறை எளிது. எண்ணெய் லென்ஸில் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டு நிற்கும் இடத்தில் பத்து வட்டம் (லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் பரப்பு) பார்த்து, வட்டத்துக்குச் சராசரி எத்தனை தட்டணு என்று எடுத்து 15,000 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எண்ணிக்கை. சிலர் 20,000 ஆல் பெருக்குவார்கள். பத்து வட்டத்தில் மொத்தமே நான்கைந்து என்றால் பத்தாயிரத்துக்குக் கீழே. மெஷின் 9,000 சொல்லி, ஸ்லைடு வட்டத்துக்கு ஆறு காட்டினால் மெஷின் தப்பு. ஸ்லைடின் மெலிந்த நுனியையும் ஓரங்களையும் பார்க்காமல் எழுதக் கூடாது. கொத்துகள் அங்கேதான் ஒதுங்கும். விரலில் குத்தி நேரடியாக இழுத்த ஸ்லைடில் தட்டணுக்கள் இயல்பாகவே ஒட்டும், எண்ணிக்கைக்கு அது உதவாது, இ.டி.டி.ஏ. ரத்தத்தில் போட்டதுதான் வேண்டும்.

ஆனால் ஸ்லைடின் உண்மையான மதிப்பு எண்ணிக்கையில் இல்லை. இது ஐ.டி.பி.தானா என்று சொல்வதில் இருக்கிறது. நோயின் ஓட்டத்தை, அதாவது அது எவ்வளவு நாள் நீளும் என்பதை, கணிப்பதற்கு முன் எந்த நோயின் ஓட்டம் என்று தெரிய வேண்டும் இல்லையா? இளம் வெள்ளணுக்கள் தெரிந்தால் ரத்தப் புற்று என்ற சந்தேகம். உடைந்த, கொம்பு வைத்த சிவப்பணுக்கள் தெரிந்தால் வேறு பாதை, அதில் சிறுநீரகமும் சேரும். தட்டணுக்கள் எல்லாமே சிவப்பணு அளவுக்குப் பெருத்திருந்தால் பரம்பரைக் குறைபாட்டை நினைக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள ஊர்களில் இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி இல்லை. தட்டணுக்கள் மிகச் சிறுத்து, ஆண் பிள்ளைக்குத் தோலில் கரப்பானும் அடிக்கடி சீழ்த் தொற்றும் இருந்தால் அது இன்னொரு பரம்பரை நோய். ராமேஸ்வரம் தீவும் அதை ஒட்டிய கரையும் மலேரியாவுக்குப் பழைய முகவரி. மலேரியாவும் தட்டணுவை இறக்கும், காய்ச்சலோடு வந்தால் அதே ஸ்லைடில் ஒட்டுண்ணியையும் தேடச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கைக்கும் 'பிளேட்லெட் குறைவு' என்று ஒரே வரியில் எழுதியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அறிக்கையில் இருக்க வேண்டியவை: சிவப்பணு வடிவம், வெள்ளணுக்களில் இளம் அணு இல்லை என்ற வாக்கியம், தட்டணு அளவும் கொத்து உண்டா இல்லையா என்பதும், ஒட்டுண்ணி இல்லை என்பதும். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கும் முன்பே இந்த ஸ்லைடு பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ரத்தப் புற்றின் ஒரு வகை ஸ்டீராய்டுக்குச் சில வாரம் அடங்கி ஒளிந்துகொள்ளும். அப்புறம் வெளியே வரும்போது வைத்தியம் கடினமாகியிருக்கும்.

காசில்லாத பரிசோதனை

ஓட்டத்தைக் கணிப்பதில் எல்லா மெஷினையும் தோற்கடிப்பது பத்து நிமிடப் பேச்சு. இதைத் தனிச் சேவையாக யாரும் விற்பதில்லை. அதனாலேயே கிடைப்பதும் அரிதாக இருக்கிறது.

2014-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். நாள்பட்டதாக மாறும் வாய்ப்பு விகிதத்தை எது கூட்டுகிறது? (1 என்றால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.) நோய் மெதுவாக, வாரக்கணக்கில் தொடங்கியிருந்தால் 11. முன்னால் தொற்றோ தடுப்பூசியோ இல்லாவிட்டால் 3. வயது 11-க்கு மேல் என்றால் ஏறக்குறைய இரண்டரை. எண்ணிக்கை முதல் நாளிலேயே 20,000-க்கு மேல் இருந்தால் இரண்டு சொச்சம். பெண் குழந்தை என்றால் மிக லேசாக. வாய், மூக்கில் ரத்தக் கசிவோடு வந்த பிள்ளைகளுக்கோ விகிதம் 0.4, அதாவது நாள்படும் வாய்ப்பு குறைவு. இவை வாய்ப்பு விகிதங்கள்; 11 என்றால் பதினொரு மடங்கு பிள்ளைகளுக்கு வரும் என்று நேராகப் படிக்கக் கூடாது. ஆனால் எது பெரியது, எது சிறியது என்ற வரிசை தெளிவு.

இதில் பெற்றோர் தலையில் சம்மட்டியாக இறங்குவது ஒன்று உண்டு. 4,000 என்ற எண்ணோடு, வாயில் ரத்தக் கொப்புளத்தோடு, ஒரே ராத்திரியில் வந்து நின்ற நாலு வயதுப் பையனுக்கு நோய் சீக்கிரம் போய்விடும் வாய்ப்பு அதிகம். 'முப்பதாயிரம் இருக்கு, பரவாயில்லை' என்று ஆறுதல் சொல்லி அனுப்பப்படும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத்தான் அது வருடக்கணக்கில் நீளக்கூடும். இன்றைய ஆபத்தில் பையன் முன்னால், நாளைய ஓட்டத்தில் பெண் முன்னால். எண் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகப் பொய் சொல்கிறது.

டென்மார்க், ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தை மருத்துவர்கள் 2007-இல் இதையே ஒரு மதிப்பெண்ணாக்கினார்கள். திடீர்த் தொடக்கத்துக்கு 5. வயது 10-க்குக் கீழ் என்றால் 3. முன்னால் தொற்று இருந்தால் 2. எண்ணிக்கை 5,000-க்குக் கீழ் என்றால் 2. வாய், மூக்கு ரத்தக் கசிவுக்கு 1. ஆண் என்றால் 1. மொத்தம் 14. பத்தும் அதற்கு மேலும் வந்தால், மூன்று மாதத்துக்குள் பெரிய சம்பவம் இல்லாமல் முடிந்துபோகும் கூட்டத்தில் சேர்க்கலாம். மேலே சொன்ன பையனுக்கு இரண்டு வாரம் முன் சளி இருந்திருந்தால் 14-க்கு 14. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, இரண்டு மாதமாகக் கன்றிக்கொண்டிருக்கிறது, முன்னால் காய்ச்சல் இல்லை, எண்ணிக்கை 30,000 என்றால் பூஜ்யம். ஆறு வயதுப் பெண், திடீரென்று வந்தது, தொற்று இல்லை, 12,000 என்றால் 8. குறைந்த மதிப்பெண் தீர்ப்பாகிவிடாது. அந்தக் கூட்டத்திலும் பல பிள்ளைகள் குணமாகிறார்கள், எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இந்த மதிப்பெண்ணை இங்கே பயன்படுத்தும்போது இடறும் இடங்கள் மூன்று. '5,000-க்குக் கீழ்' என்ற வரி, தெருமுனை மெஷின் மிகவும் தடுமாறும் இடத்தில் விழுகிறது. அந்த 2-ஐச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் பத்தைத் தாண்டினால் கவலையில்லை. அடுத்தது 'தொற்று' என்ற வரி. காய்ச்சல் அடிக்கும்போதே தட்டணு இறங்கியிருந்தால் அது டெங்குவாக இருக்கலாம். வெள்ளணுவும் குறைந்திருக்கும், ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும், பத்து நாளுக்குள் எண்ணிக்கை தானாக ஏறும். அந்தப் பிள்ளைக்கு இந்த மதிப்பெண்ணே பொருந்தாது. சளியோ காய்ச்சலோ முழுக்கப் போய், ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துப் புள்ளி வந்திருந்தால்தான் 2 மதிப்பெண். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் வருவதும் இந்தக் கணக்கில் சேரும். கிட்டத்தட்ட 25,000 முதல் 40,000 டோஸுக்கு ஒன்று என்ற அளவில் வருவது, பெரும்பாலும் சீக்கிரம் போய்விடுவது. தட்டம்மை வந்து படும் பாட்டோடு ஒப்பிட்டால் தடுப்பூசியை நிறுத்த இது காரணமில்லை.

மூன்றாவது இடறல்தான் பெரியது: 5 மதிப்பெண் தாங்கும் அந்தத் 'திடீர்'. 'எப்போ வந்துச்சு?' என்று கேட்டால் 'நேத்துத்தான்' என்பார்கள். நேற்றுத்தான் கண்ணில் பட்டது என்பதே அதன் பொருள். சரியாகக் கேட்டால் இப்படிப் போகும்:

'அக்கா, நோன்புப் பெருநாளைக்குப் புதுச் சட்டை போட்டப்ப கை காலு எப்படி இருந்துச்சு?'

'அப்பவே முழங்கால்ல ரெண்டு மூணு கருப்புத் திட்டு இருந்துச்சு தம்பி. விழுந்திருப்பான்னு விட்டுட்டோம். இவனுக்குத் தொட்டாலே கன்னும்.'

'பல்லு விளக்குறப்ப ரத்தம்?'

'அது எப்பவும் வரும்.'

ஐந்து மதிப்பெண் போய்விட்டது. திருவிழா, பள்ளி திறந்த நாள், மொட்டை போட்ட நாள், யாருடைய கல்யாணம் என்று ஊர் நாட்காட்டியைப் பிடித்துக் கேட்டால் தேதி கிடைக்கும். போனில் உள்ள பழைய படங்களும் உதவும்; மூன்று வாரம் முன்பு கடற்கரையில் எடுத்த படத்தில் கால் சுத்தமாக இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. கூடவே, 'எப்பவும் வரும்' என்று வந்தால் குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா, பெற்றோர் சொந்தமா என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

பேக்கேஜ் என்ற பெயரில்

தட்டணு எதிர்ப்பொருள் (தட்டணுவைக் குறிவைக்கும் புரதம்) பரிசோதனை: வேண்டாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு மாறாது. வயிற்றுக் கிருமி எச். பைலோரி சோதனையும் குழந்தைகளுக்கு வழக்கமாகத் தேவையில்லை. ஏ.என்.ஏ. (உடம்பு தன்னையே தாக்கும் வேறு நோய்களைத் தேடும் சோதனை) முதல் நாளில் வேண்டாம். பதினொரு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கோ, ஆறு மாதம் தாண்டியும் நீடித்தாலோ எடுத்துப் பார்க்கலாம், அப்போது அதற்கு அர்த்தம் உண்டு. டெங்கு அட்டைச் சோதனை காய்ச்சல் இருந்தால் மட்டும். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை பற்றி ஊரில் ஒரு நடுக்கம் இருக்கிறது: வழக்கமான தோற்றமுள்ள ஐ.டி.பி.க்கு ஸ்டீராய்டு கொடுக்கும் முன்பும் அது தேவையில்லை. எலும்பு வலி, விடாத காய்ச்சல், மெலிவு, வீங்கிய கழலை, ஈரலும் மண்ணீரலும் பெருத்திருப்பது, ஹீமோகுளோபினோ வெள்ளணுவோ சேர்ந்து குறைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

இளம் தட்டணு விகிதம் என்ற அளவீடு சில உயர்ரக மெஷின்களில் வருகிறது. உற்பத்தி குறைவா, அழிவு கூடுதலா என்று பிரித்தறிய உதவும். இதற்காகவே மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. எப்படியும் போகிறீர்கள் என்றால் கேட்கலாம்.

பப்பாளி இலைச்சாறு? ஐ.டி.பி.யில் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரத்தில் தானாக ஏறும் நோயில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். 'ரத்தம் ஊற' சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிக் கொடுப்பதிலும் தப்பில்லை, இரும்புச்சத்து சேரும். தட்டணுக்களைத் தின்று தீர்ப்பது பிள்ளையின் சுவரொட்டிதான் என்பது வேறு கதை.

அனுமதியா, வீடா?

ரத்தக் கசிவு இல்லாமல் தோலில் மட்டும் புள்ளியும் திட்டும் இருந்தால், எண்ணிக்கை எவ்வளவு இறங்கியிருந்தாலும் மருந்தில்லாமல் கவனித்தால் போதும் என்பது 2019-இல் அமெரிக்க ரத்தவியல் சங்கம் தந்த வழிகாட்டல். 20,000-க்குக் கீழே இருந்தாலும் வீட்டிலேயே இருக்கலாம், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் ரத்தவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அதே வழிகாட்டலில் இன்னொரு வரி இருக்கிறது, நம் கரைக்காகவே எழுதியதுபோல: நோய் எதுவென்று உறுதியில்லாதவர்கள், மருத்துவமனையிலிருந்து தூரத்தில் இருப்பவர்கள், மறுபடி வருவார்கள் என்று உறுதி சொல்ல முடியாதவர்கள் ஆகியோரை அனுமதிப்பது நல்லது. ராமநாதபுரம் டவுனுக்குள் வீடு என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாலிநோக்கத்திலிருந்தோ தீவின் கோடியிலிருந்தோ வந்தவர்கள், ராத்திரி மூக்கில் ரத்தம் வந்தால் எந்த வண்டியில் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்பா கடலுக்குப் போய்விட்டால் வண்டி யார் எடுப்பது என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

மருந்து தேவைப்பட்டால் குறுகிய கால ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன் கிலோவுக்குத் தினம் 2 முதல் 4 மில்லிகிராம், 5 முதல் 7 நாள், அவ்வளவுதான். நிறுத்தியதும் எண் இறங்குகிறது என்று மறுபடி ஏற்றி, மாதக்கணக்கில் இழுத்து, முகம் வீங்கிப்போன பிள்ளைகள் எண்ணைத் துரத்தியதன் விளைவு. அவசரமாக ஏற்ற வேண்டுமென்றால் நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்தான ஐ.வி.ஐ.ஜி., கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம். 15 கிலோ பிள்ளைக்கு 5 கிராம் புட்டி மூன்று, விலை ஆயிரக்கணக்கில். ஒன்றிரண்டு நாளில் ஏறும், சில வாரத்தில் மறுபடி இறங்கலாம். அது மருந்தின் வேகம் தீர்வது, நோய் புதிதாகத் தாக்குவதில்லை. மருந்து ஏறிய மறுநாள் தலைவலியும் வாந்தியும் அந்த மருந்தாலேயே வரலாம், ஆனால் வீட்டில் உட்கார்ந்து அப்படி முடிவு கட்டக் கூடாது.

'இதைப் போட்டால் நாள்பட்டதாகாது' என்று சொல்லி ஐ.வி.ஐ.ஜி. எழுதப்பட்டால் கேள்வி கேட்கலாம். நெதர்லாந்தில் 20,000-க்குக் கீழ் எண்ணிக்கை கொண்ட 206 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்குக் கவனிப்பு என்று செய்து 2018-இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் நாள்பட்டவர்கள் மருந்துப் பக்கம் 18.6 சதவீதம், கவனிப்புப் பக்கம் 28.9 சதவீதம், புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. கடும் ரத்தக் கசிவு மருந்து வாங்கியவர்களிடம் குறைவு என்பது மட்டும் தெளிவாக இருந்தது. எனவே இன்றைய கசிவுக்கு அது மருந்து. நாளைய ஓட்டத்துக்குக் காப்பீடு இல்லை.

டெங்கு வார்டிலிருந்து வந்த பழக்கம் இன்னொன்று: 'பிளேட்லெட் ஏத்துங்க.' ஏற்றிய தட்டணுவையும் அதே எதிர்ப்பொருள் சில மணி நேரத்தில் அழித்துவிடும். உயிருக்கு ஆபத்தான கசிவில் மற்ற மருந்துகளோடு சேர்த்துத்தான் அதற்கு இடம்.

வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு: இபுபுரூஃபன், ஆஸ்பிரின், மெஃபனமிக் அமிலம் கலந்த காய்ச்சல் டானிக்குகள் கூடாது; பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம். சதையில் போடும் ஊசி கூடாது, 'ஊசி போட்டாத்தான் கேக்கும்' என்ற பாட்டியைச் சமாளிக்க வேண்டியிருக்கும். பள்ளிக்குப் போகலாம். மரம் ஏறுவது, படகுத்துறையிலிருந்து கடலில் குதிப்பது, கால்பந்து வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். அண்ணாந்து படுக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, கடும் தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு, தலையில் அடி, கருப்பு மலம், சிவந்த சிறுநீர், வயதுக்கு வந்த பெண்ணுக்கு நிற்காத மாதவிடாய் என்று எது வந்தாலும் எண்ணிக்கை எடுக்க லேபுக்குப் போகாமல் 108-க்கு அழைக்க வேண்டும்.

மறு எண்ணிக்கை முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நிலைத்துவிட்டால் மாதம் ஒரு முறை போதும். ஒரே நிலையத்தில், ஒரே மெஷினில் எடுப்பது முக்கியம். வேறு வேறு கடை எண்களை ஒரே கோட்டில் இணைத்துப் பார்க்கக் கூடாது. மூன்றாம் மாதம் முடியும்போது மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம், அதன் வேலை முடிந்தது. அப்போதும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை என்றால் ஸ்லைடை மறுபடி புதிதாகப் பார்க்கச் சொல்ல வேண்டும், ரத்தவியல் மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே போகும்போது காகிதக் கட்டோடு முதல் நாள் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெயை மெல்லிய தாளால் ஒற்றி எடுத்து, பெயரும் தேதியும் பென்சிலால் எழுதி, தாளில் சுற்றித் தீப்பெட்டி போன்ற கெட்டியான பெட்டியில் வைத்தால் மதுரை வரை உடையாமல் போகும். கொடுக்க மறுக்கும் நிலையங்கள் உண்டு. எடுக்கும் அன்றே இரண்டு ஸ்லைடு போடச் சொல்லிவிட்டால் அந்தத் தகராறு வராது.